மறதி நோயும் நம் வீட்டுப் பெரியவர்களும்



விடியற்காலை மூன்றரை மணிக்கு உங்கள் வீட்டுப் பாட்டி எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? அவர் பால் வெட்டு வேலையை விட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் வெட்டிய பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பெரட்டுக் களத்தில் புல் முளைத்துவிட்டது. சிலர் சிரிப்பார்கள். சிலர், "போய்ப் படு கிழவி" என்று அதட்டுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் செய்தோம். அது ஒரு நோய் என்று அறிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளை மற்றவர்களாவது வீணாக்காமல் இருக்கட்டும் என்றுதான் இன்று இதைப் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் பெரியம்மா 1946இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பன்னிரண்டு வயதில் உளி பிடித்தார். எங்கள் தாயார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டதால் எங்களை வளர்த்தவர் அவரே. காண்டா வாளி சுமந்து தோள் காய்த்துப்போன அந்தப் பெண்மணிதான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எங்களை அனுப்பி வைத்தார். முதல் நாள் பேருந்து நிலையம் வரை வந்து, முடிச்சவிழ்த்து ஐம்பது வெள்ளியைக் கையில் திணித்ததை இன்றும் மறக்கவில்லை. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆகவே, "இவரை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே விடைதான் இருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்க வேண்டிய நிலை. அப்போதுதான் பெரியம்மாவை முழுதாகக் கவனித்தோம் என்று சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. காலையில் சோறு வடிப்பார். பத்து மணிக்கு மீண்டும் அரிசி களைவார். சாம்பாரில் உப்பே இருக்காது, அல்லது இரு மடங்கு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் வராமல், "அந்தச் சிவப்புக் கதவு வீட்டம்மா" என்பார். ஒருநாள் தம் சுருக்குப்பையைக் காணவில்லை என்று வீட்டையே இரண்டாக்கினார். எங்கள் மகள் திருடிவிட்டாள் என்றார். பை அரிசிப் பானைக்குள் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்று அழுத அழுகை சொல்லி மாளாது.

வயதானால் மறதி வரும் என்பது உண்மைதான். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன பொருள் என்று கேட்பது சாதாரண மறதி ஆகாது. முப்பது ஆண்டுகளாகச் செய்த சமையல் கை தவறுவது, நன்கு பழகிய வழியில் திகைத்து நிற்பது, ஒரே கேள்வியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது, சாந்தமானவர் திடீரென்று சந்தேகப் பேர்வழியாக மாறுவது ஆகியவை மூளையில் நோய் இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலில் இதை விளக்கிச் சொன்னார். அடுத்தது மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 2018இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஒரு தோட்டத்தில் அறுபது தாண்டியவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அவர்களில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு பேர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. "கிழவிக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று சொல்லி அவர்களை உள்ளறையில் வைத்துவிடுகிறோம்.

எங்கள் தோட்டத்திலும் பலவிதமாகப் பேசினார்கள். செய்வினை என்றார் ஒருவர். சாமி குற்றம் என்றார் மற்றொருவர். நாங்களும் ஒரு பெரியவரிடம் மந்திரித்துக் கயிறு கட்டினோம், அதை மறைப்பானேன்? ஆனால் எங்களைத் தடுத்து நிறுத்திய அச்சம் வேறு. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் தஞ்சோங் ரம்புத்தானில் தள்ளிவிடுவார்கள்" என்ற பயம் அது. 1911இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரையே ஏச்சாகப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். பள்ளிப் பிள்ளைகள்கூடச் சண்டையில் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். மறதி நோயாளி என்று தெரிந்ததும் ஒருவரைப் பிடித்து அடைத்து வைக்கும் வழக்கம் எங்கும் இல்லை. பரிசோதித்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கே அனுப்புகிறார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

விரைந்து போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறதியெல்லாம் இந்நோயால் மட்டும் வருவதன்று. தைராய்டு சுரப்பி மந்தமானாலும், பி12 ஊட்டச்சத்து குறைந்தாலும், மனச்சோர்வு பிடித்தாலும், விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டினாலும், சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஒருவர் புத்தி தடுமாறியவர்போல் ஆகிவிடுவார். அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் உளறத் தொடங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சிறுநீர்க் கிருமி, சளிக் காய்ச்சல் போன்றவைகூட முதியவர்களை அப்படிப் புரட்டிவிடும்.

2021இன் இறுதியில் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். முதலில் போன இடத்தில் இளம் மருத்துவர் ஒருவர், "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அங்கே ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார்கள். பேனாவே பிடித்தறியாத பெண்! பெரட்டு மணியையும் ஆலைச் சங்கையும் வைத்து நேரம் அறிந்தவர். அவர் கடிகாரம் வரையாததை வைத்து எதைக் கண்டுபிடிக்க முடியும்? ஆசிரியர் தொழிலில் இருப்பதால் இது எங்களுக்கு உறுத்தியது. பாடம் நடத்தாமலேயே தேர்வு வைத்த கதை.

மூன்று மாதம் கழித்து வேறொரு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் படிப்பறிவு குறைந்த முதியோர்களுக்கு ஏற்ற வேறு கேள்வித்தாளை எடுத்தார். சிங்கப்பூர் மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் அவை. வயது என்ன, இன்று என்ன கிழமை, இது எந்த இடம், சற்றுமுன் சொன்ன எண் எது என்பதுபோல. எங்களைத் தமிழில் கேட்கச் சொன்னார். ஒரே ஒரு கட்டளை: "நீங்கள் விடை எடுத்துக் கொடுக்கக் கூடாது." எவ்வளவு கடினமான கட்டளை தெரியுமா? பெரியம்மா எங்கள் முகத்தையே பார்க்கிறார். "சொல்லேன்" என்று கண்ணால் கெஞ்சுகிறார். வாயைக் கட்டிக்கொண்டு நின்றோம். "இது எந்த இடம்?" என்றதற்கு, "பால் நிறுக்கிற ஸ்டோரு" என்றார்.

அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: சுகாதாரக் கிளினிக்கின் கடிதம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் குறைந்த கட்டணத்தில் போக முடிகிறது. கோலாலம்பூர் மருத்துவமனை, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை ஆகியவற்றில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நினைவாற்றல் கிளினிக்கே இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இப்பிரிவு இல்லையென்றால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். போகும்போது அடையாள அட்டை, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், கடையில் வாங்கிய நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எந்த மாதத்திலிருந்து என்னென்ன மாறியது என்று ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி. நாங்கள் எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

இரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கேன், எல்லாம் முடிந்து அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். டோனெபெசில் என்ற மாத்திரை கொடுத்தார்கள். இது நோயைக் குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த உண்மை பேச்சு எங்களுக்குப் பிடித்திருந்தது. இணையத்திலும் சந்தையிலும் மறதிக்கு மருந்து என்று நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் குப்பிகளைப் பற்றிக் கேட்டோம். "அந்தப் பணத்தில் நல்ல மீன் வாங்கிக் கொடுங்கள்" என்றார் மருத்துவர்.

மருந்தைவிட எங்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று. அந்த மூன்றரை மணிப் பெரட்டுக்கு என்ன செய்வது என்று தாதி ஒருவரிடம் கேட்டோம். "அவரிடம் வாதாடாதீர்கள். அவர் இருக்கும் உலகத்துக்குள் நீங்கள் போங்கள்" என்றார். எப்படிப் போவது? பல நாள் திணறினோம். ஒருநாள் இரவு நல்ல மழை. பெரியம்மா எழுந்து வாசலுக்கு வந்தார், மழையைப் பார்த்தார், "மரம் ஈரம், இன்னிக்கு வேலை இல்லை" என்று தாமே சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்! பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். பட்டை நனைந்திருந்தால் பால் வழிந்தோடிவிடும், மங்கில் விழாது, அன்று வெட்டு கிடையாது. அன்று முதல் எங்கள் வீட்டில் தினமும் மழைதான். "பெரியம்மா, ராத்திரி மழை, மரமெல்லாம் ஈரம்" என்போம். "அப்படியா" என்று திரும்பிப் போய்விடுவார். பொய் சொல்லலாமா என்று கேட்கும் நேயர்களுக்கு விடை எங்களிடம் இல்லை. உண்மையைச் சொன்ன நாள்களில் அவர் சுவரில் தலையை மோதிக்கொண்டார்.

எல்லா நாளும் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆறு வாரம் வரை வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போனோம். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இன்று காலையும் எத்தனையோ வீடுகளில் அப்படிப் பூட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஒருநாள் பள்ளிக்கு ஆள் ஓடி வந்தார். பெரியம்மா நாக்கோ சன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்துவிட்டார். எட்டுத் தையல். வீட்டில் தீப்பிடித்திருந்தால்? அதற்கப்புறம் பூட்டவில்லை. பூட்டாததால் ஒரு விடியலில் காணாமல் போனார். காலை ஏழு மணிக்குச் செம்பனைக் காட்டுக்குள் கால்வாய் ஓரமாக உட்கார்ந்திருந்தவரை வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டு வந்து விட்டார். அந்த இடம் முன்பு அவருடைய பால்மர நிரை இருந்த இடம் என்பதைப் பழைய ஆட்கள் சொல்லித்தான் அறிந்தோம். காணாமல் போனவர்களை முதலில் எங்கே தேடுவது என்று கேட்டால், அவர் பழைய வேலை செய்த இடத்தில் தேடுங்கள் என்போம். ஒருநாள் பொறுத்திருந்துதான் போலீசில் சொல்ல வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அப்படிக் காத்திருக்கக் கூடாது. உடனே 999க்கு அழைக்க வேண்டும். பெரியம்மாவின் சட்டைகளில் எல்லாம் உள்பக்கம் எங்கள் தொலைபேசி எண்ணைத் துணியில் எழுதித் தைத்தோம்.

பின்பு ஓர் ஏற்பாடு செய்தோம். முன்பு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஒருவர் தோட்டத்தில் இருந்தார். அவர் வீட்டில் பகல் நேரத்தில் பெரியம்மாவை விட்டோம். எங்கள் வீட்டைப்போல இன்னும் இரண்டு வீட்டில் நிலைமை என்று அப்போதுதான் வெளியே வந்தது. மூன்று வீடும் ஆளுக்கு 400 வெள்ளி கொடுத்தோம். அந்த அம்மாள் அருமையாகப் பார்த்தார். மூவரையும் உட்கார வைத்து முருங்கைக் கீரை உருவச் சொல்வார். உருவிய கீரையையும் காம்பையும் மறுபடி கலந்து கொடுத்து மறுபடி உருவச் சொல்வார். கைக்கு வேலை இருக்கும் வரையில் பெரியம்மாவுக்குக் கோபம் வராது. தோட்டப் பழைய ஆயாக்கள் கையில் இருக்கும் இந்தக் கலையை யாராவது முறைப்படி பயன்படுத்தக் கூடாதா என்று நாங்கள் பலமுறை நினைத்ததுண்டு. பதினான்கு மாதம் நன்றாக நடந்தது. பின்னர் பெரியம்மா இரவில் உறங்குவதே நின்றது. குளிக்க அழைத்தால் அடிக்கத் தொடங்கினார். அந்த அம்மாளைத் தள்ளிவிட்டதில் அவருக்கு மணிக்கட்டு பிசகியது. அவருக்கே வயது அறுபத்தாறு.

அப்போதுதான் விடுதி என்ற பேச்சு எடுத்தோம். எடுத்ததும் உறவினர்கள் கொதித்தார்கள். "வளர்த்த கடனுக்கு இதுவா?" என்றார் கிள்ளானிலிருந்து ஒருவர். ஒரு வாரம் அழைத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. அவர்மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை.

விடுதி தேடுவோர் ஒன்றைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும். சமூக நல இலாகா, நம் மக்கள் கெபாஜிக்கான் என்று சொல்லும் இலாகா, சிரம்பான், தைப்பிங், பீடோங் முதலிய இடங்களில் ருமா ஸ்ரீ கெனாங்ஙான் என்னும் முதியோர் இல்லங்களை நடத்துகிறது. அவை ஆதரவற்றவர்களுக்கானவை. தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக் கூடியவராகவும் இருக்க வேண்டும். படுக்கையில் விழுந்துவிட்ட ஆதரவற்ற நோயாளிகளுக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் ருமா எஹ்சான் இருக்கிறது. குடும்பம் இருந்து, நடமாடிக்கொண்டும் இருக்கும் மறதி நோயாளிக்கு இரண்டிலும் இடமில்லை. பெரும்பாலான தோட்டக் குடும்பங்களின் நிலை இதுதான், அரசாங்கம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகத் தனியார் இல்லங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் அல்சைமர் நோய் அறவாரியம் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறது. ஈப்போவிலும் ஜொகூர் பாருவிலும் இந்நோய்க்கான சங்கங்கள் உண்டு. தோட்டத்திலிருந்து பிள்ளையை அனுப்புவதுபோல் தினமும் அனுப்ப முடியாது என்றாலும், கேட்டால் வழி சொல்வார்கள்.

நாங்கள் ஐந்து இடங்கள் பார்த்தோம். நான்கு முதியவர்களுக்கு மேல், ஏன், நான்கு பேரைத் தங்க வைத்துப் பராமரித்தாலே, 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டதும் ஓரிடத்தில், "புதுப்பிக்க அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். மலிவான இடம், மாதம் 1,200 வெள்ளிதான். உள்ளே போய்ப் பார்த்தோம். மூன்று அறையில் பதினேழு பேர். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டியின் கை சாரோங் துணியால் கட்டில் காலோடு கட்டியிருந்தது. விழாமல் இருக்க என்றார்கள். திரும்பி வரும் வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

பகலில் எல்லாரும் உறங்கினால் ஐயப்படுங்கள். அடக்கி வைக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட வரவழைக்கக்கூடும். மருத்துவர் மிகவும் தேவை என்று கண்டால் ஒழிய அவற்றைக் கொடுப்பதில்லை. என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். பகலில் வரவேற்பறையில் நிற்கும் ஆளை எண்ணிப் பயனில்லை. கழிவறைக்குள் போய்ப் பாருங்கள். தரை ஈரமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? முன்னறிவிப்பில்லாமல் வரலாமா என்று கேளுங்கள். வரக்கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம். தமிழ் பேசும் ஆள் ஒருவராவது வேண்டும். நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் போய்விடுகின்றன. பெரியம்மாவுக்குச் சந்தை மலாய் நன்றாக வரும். இப்போது ஒரு சொல்கூட வருவதில்லை. "பசிக்குது" என்பதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாத இடத்தில் அவர் பட்டினி கிடப்பார். இன்னொன்று, நாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் அடிப்பார், இரவில் நடப்பார் என்பதை மறைத்துச் சேர்த்தால் பத்தாம் நாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2023இல் ஐந்தாவதாகப் பார்த்த இல்லத்தில் சேர்த்தோம். தோட்டத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர். பழைய வீடு. சுற்றுச் சுவருக்குள் வட்டமாக நடந்து வர ஒரு பாதை இருந்தது. நடப்பவரை உட்கார வைக்க முயலாமல் நடக்க விடும் இடம் என்று அதைக் கண்டதும் மனம் தெளிந்தது. மாதம் 2,300 வெள்ளி. நாங்கள் 1,300, எங்கள் தம்பி 600. மீதி 400க்கு அத்தை பிள்ளைகள் மூவர் மாதம் மாறி மாறிக் கொடுக்கிறார்கள். ஒருவர் தவறுவதும் உண்டு. குடும்பத்தில் நிலையான வருமானம் இல்லாத முதியவர்களுக்குச் சமூக நல இலாகா மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தினார்கள். எங்களுக்குத் தகுதி இல்லை; உங்களுக்கு இருக்கலாம், மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். படுக்கையில் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் தனி உதவி உண்டு.

பணம் என்றதும் ஒன்று. பெரியவர் பெயரில் வங்கிக் கணக்கோ, சேமநிதிப் பணமோ, சிறு வீடோ இருந்தால் நோயின் தொடக்கத்திலேயே, அவருக்குப் புரியும்போதே, அவர் விருப்பத்தைக் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். சாதாரண அதிகாரப் பத்திரம் அவருக்கு அறிவு தெளிவாக இருக்கும் வரையில்தான் நிற்கும். அதற்குப் பிறகு உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். பெரியம்மாவின் அஞ்சலகச் சேமிப்பாக இருந்த சிறு தொகை இன்னும் எடுக்க முடியாமல் கிடக்கிறது. கைரேகை வைக்கச் சொன்னால், அட்வான்ஸ் பணமா என்று கேட்டுச் சிரிக்கிறார்.

முதல் மாதம் மிகக் கடினம். சாப்பிட மறுத்தார். நாங்கள் போனால் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். பிறகு எங்களிடம் இருந்த ஒரு பழைய அலுமினியக் குவளையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்தார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்பவர் மேடானிலிருந்து வந்த இந்தோனேசியப் பெண். மூன்றரை மணி விஷயத்தைச் சொல்லி, மழை வாசகத்தை அவருக்குக் கற்பித்தோம். மூன்று நாளில் கற்றுக்கொண்டார். "பெரியம்மா, மளை. மரம் ஈரம்" என்று இப்போது அவர் சொன்னால்தான் பெரியம்மா கேட்கிறார். நாங்கள் சொன்னால் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து மணிக்குப் போகிறோம். எங்களை யாரென்று தெரியாது. சென்ற வாரம், "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னோம். "அங்கதான் எங்க தங்கச்சி புள்ள பள்ளிக்கூடத்துல வேலை பாக்குது, தெரியுமா?" என்றார். தெரியும் என்றோம். நல்லா இருக்கா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றோம். அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் 150 வெள்ளி கூடுகிறது என்று அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார்கள். அதற்கு வழி பார்க்க இந்த வாரம் உறவினர்களைக் கூப்பிட்டிருக்கிறோம்.